எதிர் அலை

வெள்ளவத்தை மாடிவீட்டில் நாகேந்திரம் மாஸ்டர் தான் செய்த பெட்டியில் கடைசி வயரையும் பற்றவைத்து நிமிர்ந்தார்.

"இண்டையோட கீழ்வீட்டுச் சத்தம் செத்துது!"

"முதல்ல உந்த வயருகளை மறையுங்கோ. செக்கிங்குக்கு ஆமிக்காரங்கள் வந்தால் குண்டெண்டு ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள்," என்றாள் மனைவி அருந்ததி.

"இது குண்டில்லையப்பா! மைக் சத்தத்தைப் பிடிக்கும். ஸ்பீக்கர் அதைத் தலைகீழாக்கி விடும். ஒரு அலை ஏறேக்க மற்றது இறங்கும். ரெண்டும் மோதி ஒண்டுமில்லாமல் போயிடும்."

அன்றைக்கென்று பார்த்துக் கீழ்வீடு மூச்சுக் காட்டவில்லை. மாஸ்டர் மாப்பிள்ளை வரவுக்குக் காத்திருப்பவர்போலப் பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

சட்டென்று லைட் அணைந்தது, ஃபான் நின்றது. வழக்கமான மின்வெட்டு. கீழ்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசாவின் ஜெனரேட்டர் கட்டடமே அதிர முழங்கத் தொடங்கியது.

மாஸ்டர் பாய்ந்து சுவிட்சைப் போட்டார். பெட்டி முனகக்கூட இல்லை.

"அதுக்குக் கரன்ட் வேண்டாமோ?" இருட்டுக்குள் அருந்ததியின் குரல் கேட்டது.

மாஸ்டர் தடவித்தடவிப் படியிறங்கினார்.

"தம்பி, உம்மட ஜெனரேட்டரில இருந்து மேல எனக்கொரு லைன் தாறீரோ?"

"அதுக்கென்ன மாஸ்டர், தாறன்," என்று கத்திச் சொன்னார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஆனா லோட் கூடினால் இது இன்னும் பலமாச் சத்தம் போடும். பரவாயில்லையோ?"