பாதியில நின்ன அப்டேட்

ஏலே, போன்ல அப்டேட் கொஞ்சம் திக்குனாலே குலசாமியக் கூப்பிடுற பயலுக நீங்க. எழில் கதையக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

எழில் காலேஜப் பாதியில விட்டவன். நாரணாபுரத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில சர்வரப் பாத்துக்கிடுற வேலை. அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்தா, சர்வர் படுத்துக் கிடக்கு. பில் வரல. வாசல்ல லோடு ஏத்துன லாரி நிக்குது.

மேனேஜர் முத்துராமலிங்கம் விருதுநகர்ல இருந்து அப்பத்தான் வந்து எறங்கியிருக்காரு. எதுத்தாப்புல பில் போடுற செல்வலட்சுமி, தலையக் குனிஞ்சுக்கிட்டு.

"மெயின அமத்துனது யாரு?"

"நாந்தேன் அண்ணாச்சி. தெரியாம கை பட்டுருச்சு."

"மெயின் சுவிட்சு என்ன கதவுத் தாப்பாளா, போறவ வாறவ கையெல்லாம் படுறதுக்கு? நாளையில இருந்து நீ வர வேணாம்."

எழில் ஸ்கிரீனப் பாத்தான்.

"என்னலே ஆச்சு?"

"அப்டேட் ஓடயில கரண்ட்டு போயிருச்சு அண்ணாச்சி. உள்ள இருக்க கெர்னல் புதுசா மாறிருச்சு, அதுக்கு வேலை பாக்குற டிரைவரெல்லாம் பழசாவே நின்னுருச்சு. புது மேனேஜருக்கும் பழைய ஆளுகளுக்கும் ஒத்துப் போகாதுல்ல, அந்தக் கததான்."

"வாயக் கொறச்சிட்டு வேலையப் பாருலே."

பழைய கெர்னல வச்சே சர்வர எழுப்பி, புதுசுக்குத் தோதான டிரைவர ஏத்தி, மறுபடி எழுப்புனான். பில் வந்துச்சு. லாரி கெளம்பிருச்சு.

"நீ இல்லன்னா இன்னைக்கு நாறிருக்கும்லே" முத்துராமலிங்கம் அவன் முதுகுல தட்டிட்டு உள்ள போயிட்டாரு.

செல்வலட்சுமி சாப்பாட்டுத் தூக்க எடுத்துக்கிட்டுக் கெளம்புனா. எழில் பின்னாடியே ஓடுனான்.

"யக்கா, நெசமாவே கை பட்டுச்சா?"

"இடி இடிச்சுச்சுப்பா. வெடிமருந்து ரூம்ல அம்புட்டு பேரும் இருந்தாக, வயர்ல ஒரு பொறி பறந்தாப் போதும். யூபிஎஸ்ஸு, மெயினு எல்லாத்தையும் அமத்திட்டேன்."

"அத அவருகிட்டச் சொன்னா என்னக்கா? வேலை போகாதுல்ல."

"வானம் கறுத்துக் கெடக்கயில அப்டேட்டப் போட்டது யாருன்னு அடுத்துக் கேப்பாக. ஒன்னைய அனுப்பணும்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருக்காக. எனக்காச்சும் வீட்டுக்காரரு சம்பாத்தியம் இருக்கு."

எழில் அவ கையில இருந்த தூக்க வாங்கி மேசை மேல வச்சுட்டு, மேனேஜர் ரூமுக்குள்ள போனான்.

"அண்ணாச்சி, அக்கா அமத்துனது இடிக்கு. அப்டேட்டப் போட்டு விட்டுட்டுப் பரோட்டா திங்கப் போனது நாந்தேன். இடி எனக்கும் கேட்டுச்சு. சால்னா சூடா இருந்துச்சுன்னு எந்திரிக்கல."