விரித்த கைகள்

முதல் படத்திலேயே டாக்டரம்மாவின் கால் நின்றுவிட்டது.

படத்தில் ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கை நிறையச் செம்பு நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள்.

அடுத்த படத்தில் வேறொரு பெண். அதே வட்டங்கள். அதற்கடுத்த படத்திலும்.

ஓவியக் கண்காட்சிக் கூடத்தை இருட்டாக்கி, படங்களின் மேல் மட்டும் விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த வட்டங்கள் மண்ணின் நிறம் என்றார் ஒருவர். பெண்ணின் துயரம் என்றார் இன்னொருவர். வாய்க்கு வந்ததைச் சொன்னால் யார் தடுக்கப் போகிறார்கள்?

வரைந்தவன் டாக்டரம்மாவின் தங்கை கணவன். ‘ஓவியம் சரி, வேலை என்ன?’ என்று பெண் கொடுக்கும்போது கேட்ட குடும்பம், இன்று பெருமை தாங்காமல் முன்னால் நின்றது.

“எல்லாரும் என்னென்னமோ அர்த்தம் சொல்றாங்க அண்ணி. நான் கண்ணால பாத்ததைத்தான் வரைஞ்சேன்,” என்றான் அவளிடம்.

அதைக் கேட்டதும் அவள் அந்த வட்டங்களை மறுபடி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

அவளும் பார்த்திருக்கிறாள், மைக்ராஸ்கோப்பின் கறுப்பு வட்டத்துக்குள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமி. சுருட்டிவிட்ட வெள்ளி நூல் போலத் திருகித் திருகி நீந்தியது. முதல் தடவை, என்ன அழகு என்றுதான் தோன்றியது.

உள்ளங்கையில் அது இப்படித்தான் வரையும். வலிக்காது, அரிக்காது. சில வாரங்களில் கை பளிச்சென்று ஆகிவிடும். நோய் போயிருக்காது, உள்ளே போயிருக்கும். மூளைக்கு, கண்ணுக்கு, வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும். ஊசி போட்டால் தீரும். வலிக்காததற்கு ஊசி போட்டுக்கொள்ள யார் வருகிறார்கள்?

இந்தப் பெண்களெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டாள்.

அவன் கையை விரித்தான். அந்தக் கை சுத்தமாக இருந்தது.

கடைசிப் படம் தங்கையுடையது. அதில் மட்டும் உள்ளங்கை தெரியவில்லை. மேடிட்ட வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கூட்டத்தில் நின்ற தங்கையை இழுத்துவந்து, விளக்கின் கீழ் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

படித்த படிப்பெல்லாம் ஒரு நொடி மறந்துபோய், வெறும் அக்காவாக நின்று மூச்சு விட்டாள்.

“என்னக்கா தேடுற? அது தானாப் போயிடுச்சு,” என்று சிரித்தாள் தங்கை. “என் கையில அதைப் பாத்துட்டுத்தானே என்னை வரையவே உக்காந்தாரு. படம் முடியறதுக்குள்ள மறைஞ்சிடுச்சுன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு.”

பிறகு அக்காவின் கையைப் பிடித்து, ஆசையாகத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அக்கா கையை எடுக்கவில்லை. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தாள்.