சோளக்காட்டுக்குள் ஓடியவள்

எடப்பாடிப் பக்கத்து அங்கன்வாடிக்குள் தறிச் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கிறது. ஊசிக்குப் பயந்த அனிதா கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்கிறாள். நர்ஸ் வசந்தாமணி அதட்டவில்லை. நூறு வருசத்துக்கு முன் அம்மை குத்தியவர் எழுதிய பதிவேட்டை இணையத்தில் தேடி எடுத்திருக்கிறாள், அந்தப் பழுப்புப் பக்கத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டுகிறாள். "இதே ஊருதான் பாரு சாமி. 'தாய் பிள்ளையுடன் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டாள், மறுநாள் தானே வந்தாள்'னு எழுதியிருக்குது." அனிதா அந்த வரியைத் தொடுகிறாள், தொட்டதும் பக்கம் நழுவுகிறது, பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே இழுக்கிறாள். "அந்தம்மா பேரு என்னங்க?" "புள்ள பேரும் அப்பன் பேருந்தான் இருக்குது." அனிதா உள்ளே வந்து உட்காருகிறாள். துணியை விலக்கிக் குழந்தையின் தொடையைக் காட்டுகிறாள். "எம்பேரையும் எழுதிக்குங்க."