இரண்டு சொட்டு

"மழையிலதான் வந்து பார்ப்பாராம்" என்று ஆஃப்கே போனை மேசைமேல் வைத்தாள். "வெயில்ல எல்லாக் கூடாரமும் நல்ல கூடாரம்தானாம். பத்து மணிக்கு வர்றார்."

"வரட்டும்" என்றான் கெர்பன். ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் அவன் அவளிடம் பேசிப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

நெதர்லாந்தின் திரெந்தெ பகுதியில், அந்தக் காட்டோர விடுமுறை முகாமில் விடியற்காலையிலிருந்தே மழை. அவர்களுடையது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன கேரவன். இரண்டு பேர் படுத்தால் புரண்டு படுக்க இடம் இருக்காது. சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் அதன் பக்கவாட்டில் கட்டிய பருத்தித் துணிக் கூடாரத்தில்தான். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் இருபத்திரண்டு கோடைகள் இதற்குள்ளேதான் போயிருக்கின்றன.

இப்போது விற்கப் போகிறார்கள். வீடு, நாய், சைக்கிள்கள், சுவர்க் கடிகாரம் எல்லாம் பிரித்தாகிவிட்டது. உனக்கு எனக்கு என்று பிரிக்க முடியாமல் நின்றது இது ஒன்றுதான். இது கைமாறிவிட்டால் வெள்ளிக்கிழமை வக்கீல் முன்னால் விவாகரத்துக் கையெழுத்து. அப்புறம் அவள் யாரோ, இவன் யாரோ.

"விளக்கை மாட்டு. உள்ளே இருட்டா இருந்தா எதையோ மறைக்கிறோம்னு நினைப்பார்."

"நீயே மாட்டிக்கோ."

"எட்டினா உன்னை எதுக்குக் கேக்கறேன்? ஸ்டூல் போட்டாலும் எட்டாதுன்னு உனக்குத் தெரியாதா?"

கெர்பன் பெருமூச்சு விட்டபடி எழுந்து, உச்சிக் கம்பத்துக் கொக்கியில் விளக்கை மாட்டினான். காலையில் அவன் மழையோடு போய் வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது. சாப்பிடலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ராத்திரித் தட்டுகளைத் தொட்டியில் அள்ளிக்கொண்டு அவள் பொதுக் குழாயடிக்குப் போனாள். இந்த வேலையெல்லாம் இன்றோடு ஒழிந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் திரும்பி வரும்போது, கேரவனை வாங்கப் பார்க்க வருவதாகச் சொன்ன ஹுக்ஸ்ட்ரா வந்துவிட்டிருந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைகள் இரண்டையும் மழைக்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

"கவலைப்படாதீங்க, துணியைத் தொட மாட்டேன்" என்றார்.

மழை பெய்யும்போது பருத்திக் கூடாரத்தை உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதற்காகத் திட்டு வாங்கியிருக்கும்.

ஆஃப்கே காப்பி ஊற்றினாள். டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு மூடினாள். மூடிய டப்பாவின் மேல் 'டப்' என்று ஒரு சொட்டு விழுந்தது.

மூவரும் நிமிர்ந்தார்கள். வாசல் மூலையில் துணி கறுத்துப்போய் நீர் கோத்திருந்தது.

"மூலைதானே, தையலா இருக்கும். மெழுகு தேய்ச்சா நின்னுரும்" என்றார் ஹுக்ஸ்ட்ரா. "இதுக்காகவெல்லாம் நான் பேரம் பேச மாட்டேன். என் வீட்டுக்காரிக்கு இந்த மாதிரி சின்ன வண்டிதான் வேணும்."

"மெழுகு போடுன்னு போன வருஷமே சொன்னேன்" என்றாள் ஆஃப்கே, கணவனைப் பார்க்காமல்.

"போட்டேன்."

"போட்ட லட்சணம் தெரியுது."

கெர்பன் ஒரு பாத்திரத்தை எடுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தான். சண்டை போடக்கூடத் தெம்பில்லாத முகம்.

ஹுக்ஸ்ட்ரா மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, "சரி, அப்ப முடிச்சுக்கலாம்" என்று எழுந்தார். அவருடைய வழுக்கையில் இரண்டாவது சொட்டு விழுந்தது. தடவிப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சிக் கம்பத்தை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை பெய்யறப்ப யாராவது துணியைத் தொட்டீங்களா?"

"இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"இருபத்திரண்டு வருஷமா இதுல வர்றோம்" என்றான் கெர்பன். "மழையில துணியைத் தொட நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"அப்ப துணி போச்சுங்க. மூலையில ஒழுகினா தையல். உச்சியில ஒழுகினா துணியே இத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒரு இடம்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன். ரெண்டு இடம்னா வேண்டாம், தப்பா நினைச்சுக்காதீங்க."

அவருடைய கார் சேற்றில் திணறி, சாலை ஏறிப் போய்விட்டது. கெர்பன் இன்னொரு பாத்திரத்தை எடுத்து வந்து உச்சிக்குக் கீழே வைத்தான். இரண்டு பாத்திரத்திலும் மாறி மாறிச் சொட்டியது.

"வெள்ளிக்கிழமை வர முடியாதுன்னு வக்கீலுக்குச் சொல்லணும்" என்றாள் ஆஃப்கே.

"சொல்லிடு. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் தள்ளித்தான் வைக்கணும்."

அவன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். ஒன்றை எடுத்து வெண்ணெய் தடவி, அவளுக்குப் பிடித்த சாக்லேட் துருவலைத் தூவி, அவள் பக்கம் தள்ளி வைத்தான். அவள் வலது கை ஆள்காட்டி விரலை மடியில் தேய்த்துக்கொண்டாள். காலையில் அவன் ரொட்டி வாங்கப் போனதும் வாசல் மூலைத் துணியில் அவள் அழுத்திக் கோடு இழுத்த விரல் அது.

அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று நிமிர்ந்தவளின் பார்வை இரண்டாவது பாத்திரத்தில் விழுந்து, அங்கிருந்து மெல்ல மேலே ஏறியது. அவள் தொட்டது மூலையை மட்டும்தான். உச்சி அவளுக்கு ஸ்டூல் போட்டாலும் எட்டாது.