வேற மாத்திரை

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?"

கண் டாக்டர் கேட்டது அவளைப் பற்றி. பார்த்தது மகனை.

"ஒண்ணும் இல்ல சார். அம்மாவுக்கு சுகர்கூடக் கிடையாது."

சுகர் இல்லாததையும் தன் சாதனை மாதிரிதான் சொன்னான்.

டாக்டர் பேனாவை உருட்டினார். கண்ணில் அழுத்தம் போன தடவையைவிட ஏறியிருந்தது.

"சொட்டு மருந்து ஒழுங்கா விடுறீங்களா?"

"அலாரம் வச்சு நானே விடுறேன் சார்."

அது உண்மை. அலாரம் அடிக்கும். விடுவான். விட்டதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். அத்தைகள் கைகூப்புவார்கள்.

அவள் மடியில் கைப்பை.

கைப்பைக்குள் சீப்பு உறை. உறைக்குள் ஒரு அட்டை மாத்திரை.

சிறுநீர் அடக்க முடியாததற்கு. தனியாக ஆட்டோ பிடித்துப் போய் இன்னொரு டாக்டரிடம் எழுதி வாங்கியது. அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் பார்க்கும் இடம் வேறு.

ஆறு வாரமாக, வெளியே கிளம்பும் முன் தண்ணீர் குடிக்கிறாள். போன ஞாயிறு ஒரு கல்யாணத்தில் பந்தி முடியும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதே ஞாயிறு, மண்டபத்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது. இடது கண் வலித்தது.

வீட்டுக்கு வந்து, மாத்திரைப் பெட்டியில் மடித்து வைத்திருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். கண் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம்.

சொல்லலாம். மகன் நகர்ந்தால்.

நகர மாட்டான். அவன் முன்னால் சொன்னால் சாயங்காலத்துக்குள் அத்தைகள் கைகூப்புவார்கள்.

"அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் இல்ல சார்."

டாக்டர் எழுதத் தொடங்கினார்.

முப்பது வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவள் அவள். சொத்தை எழுதிக் கொடுக்க வரும் கிழவர்களிடம் "சம்மதமா?" என்று கேட்பாள். பக்கத்தில் நிற்கும் மகன், "சம்மதம் மேடம்" என்பான். பேனாவை மூடிவிடுவாள். மகன் வெளியே போன பிறகுதான் திறப்பாள்.

எத்தனை மகன்கள். எல்லாருக்கும் இதே முகம். சட்டைப் பையில் இதே மாதிரி எட்டிப் பார்க்கும் போன்.

"டாக்டர், பேனாவை மூடுங்க."

மகன் சிரித்தான். "அம்மா சும்மா ஏதாவது..."

"நீ வெளிய இரு."

கதவு சாத்தும்வரை காத்திருந்தாள். சீப்பு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"இப்ப என்கிட்ட கேளுங்க."