கைராசி

"பட்டுப்போன செடின்னா குச்சியாவது மிஞ்சியிருக்கும். இது யாரோ தோண்டி எடுத்தது," என்றார் கணக்கெடுக்க வந்த அதிகாரியம்மா, காலிக் குழிக்குள் குனிந்து பார்த்து.

வேரடி மண்ணோடு சதுரமாகப் பெயர்த்த மண்வெட்டித் தடம் இன்னும் தூர்ந்துபோகாமல் இருந்தது.

"மொத்தம் எத்தனை மேடம்?" என்று கேட்டாள் பழமரக் குழுவின் தலைவி.

"முப்பத்தெட்டு காலி. நிக்கிறது அறுபத்திரண்டு."

தலைவி தோட்டத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சர் அண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். முப்பது வருஷம் சைக்கிள் கடை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்த பிறகு நிலத்தில் இறங்கிவிட்டார். பேச்சு எதுவும் காதில் விழாத மாதிரி, பழைய டியூபை நாடாவாகக் கிழித்து ஒரு கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வித்திருப்பார்," என்று தலைவியின் காதைக் கடித்தாள் கூட வந்த டெய்லர் அக்கா. "இந்தக் கன்னுக்குச் சந்தையில என்ன கிராக்கி தெரியுமில்ல?"

விஷயம் சின்னதில்லை. போன வருஷம் மழை தொடங்கியதும் ஆளுக்கு நூறு பழக்கன்று கொடுத்தார்கள். இப்போது பழம் உலர்த்தி, பொட்டலம் போட்டு விற்க ஒரு கூடமும் கட்டியாகிவிட்டது. எண்பது கன்று உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அதில் இடம். மற்றவர்கள் பழையபடி வியாபாரி கேட்கிற விலைக்குக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த விதியைப் போன மாதம் எழுதியவள் தலைவி. 'கொஞ்சம் குறைக்கலாமே' என்று இழுத்தவர்களிடம், "என்னால நூத்துக்கு நூறு முடிஞ்சுது. உங்களால எண்பது முடியாதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

உண்மைதான். நட்ட மூணாவது வாரமே வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நாற்பது நாள் ஆஸ்பத்திரியே கதி. நடுவில் மழையும் ரெண்டு வாரம் கைவிட்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், நூறும் பச்சைப் பசேல் என்று நின்றது. கொழுந்தன் அவ்வப்போது எட்டிப் பார்த்திருப்பான். ஆனால் நட்டது அவள் கை அல்லவா? 'கைராசிக்காரி' என்று ஊர் சொன்னதை அவளும் மறுக்கவில்லை.

"அண்ணே, கன்னெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

"எங்கயாவது வேர் பிடிச்சிருக்கும்."

"வித்துட்டீங்களா?"

"வித்தா சொல்ல மாட்டேனா?"

"அப்போ எங்கன்னு சொல்லுங்க! உங்க பேரை அடிக்கணும்னு எனக்கென்ன ஆசையா?"

"அடிக்கணும்னா அடிச்சுக்கோம்மா. விதின்னா விதிதான்."

அந்த அமைதிதான் தலைவிக்கு எரிச்சலைக் கிளப்பியது. பதிவேட்டில் அவர் பேருக்கு நேரே 'அறுபத்திரண்டு' ஏறியது.

"கிளம்புங்க. அடுத்தது என் தோட்டம். அங்க வந்து எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

பஞ்சர் அண்ணன் முதல் தடவையாகத் தடுமாறினார். "அங்க நான் எதுக்கு? இங்கயே போட்டுடறேனே."

"நூறு கன்னு எப்படி நிக்கும்னு பார்க்க வேண்டாமா? வாங்கண்ணே!" என்று டெய்லர் அக்கா கிளப்பிக்கொண்டு வந்தாள்.

தலைவியின் தோட்டத்தில் எண்ணுகிற வேலை சுருக்காக முடிந்தது. கணக்குச் சரியாக நூறு.

"நீங்களும் டியூப் கட்டியிருக்கீங்களே, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"அது அண்ணனோட கண்டுபிடிப்பு மேடம்," என்று சிரித்தாள் டெய்லர் அக்கா. "சணல் கயிறு தண்டை இறுக்குமாம். டியூப்னா மரம் பருக்கப் பருக்க விரிஞ்சு கொடுக்குமாம். 'அப்படியே காத்தும் அடிச்சு விடுங்கண்ணே, சீக்கிரம் வளரும்'னு நாங்க ஓட்டினோம். அவரைத் தவிர யாரும் கட்டலை."

தலைவி சிரிக்கவில்லை.

அவள் கட்டியது சணல் கயிறு. அங்கங்கே தெரிந்த கறுப்பு நாடாக்களை, கயிறு இத்துப்போய் கொழுந்தன் மாற்றியிருப்பான் என்றே இத்தனை மாதமும் நினைத்திருந்தாள்.

வரப்போரம் நடக்க ஆரம்பித்தாள். கயிறு, கயிறு, டியூப். கயிறு, டியூப், டியூப். உதடு மட்டும் அசைந்தது. கடைசிக் கன்றுக்கு வந்தபோது டியூப் முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பஞ்சர் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் என்னவோ அதிசயம் நடக்கிற மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே சொல்லலை?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து நிக்கிறவகிட்ட, செடியும் செத்துப்போச்சுன்னு எவனாவது சொல்லுவானா?"

"சரி, விதி எழுதினப்பவாவது?"

"நீதான் நூறு நூறுன்னு அவ்வளவு சந்தோஷமா பேசிட்டிருந்தியே தங்கச்சி."

"என்ன நடக்குது இங்க? நான் பதிவேட்டை மூடலாமா?" என்றார் ஒன்றும் புரியாத அதிகாரியம்மா.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றாள் கைராசிக்காரி. "அண்ணன் பேருக்கு நேரே இருக்கற எண்ணையும் என் பேருக்கு நேரே இருக்கற எண்ணையும் மாத்தி எழுதிட்டு மூடுங்க."