விசாரணைக் காட்சி

“அந்தத் தாடிக்காரன் போலீஸ் ஆளுதான்டி. எனக்குச் சந்தேகமே இல்லை!”

தையல்காரி போனில் தங்கையிடம் கிசுகிசுத்தாள். முகாம் நடக்கும் பள்ளிக்கூட வராந்தாவில், செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தாள். பெற்றோர் கடைசி நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். இவள் மூன்றாம் நாளே கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்துவிட்டாள். வரவேண்டாம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

“சும்மா இரு அக்கா. போராடி ஜெயிலுக்குப் போனவங்க பிள்ளைங்களுக்குன்னே நடத்தற முகாம். பாட்டு, படம், நாடகம்னு பிள்ளை அஞ்சு நாள் சிரிச்சுட்டு வரட்டுமே.”

“எவன்டி சும்மா அஞ்சு நாள் சோறு போடுவான்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை இது.”

அவள் பயம் வீண் பயமும் இல்லை. புருஷன் ஆலைத் தொழிற்சங்கச் செயலாளர். வேலைநிறுத்தத்தின்போது தலைமறைவாக இருந்தவர், ஒரு மதியம் திருட்டுத்தனமாக வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மீட்டர் பார்க்க வந்தேன் என்று ஒருவன் வாசலில் நின்றான்.

“அப்பா இருக்காரா பாப்பா?”

“சாப்பிடறாரு.”

அவ்வளவுதான். எட்டு மாதமாகியும் ஜாமீன் கிடைக்கவில்லை. வாயாடி என்று தெருவே பேர் வைத்திருந்த மகளும் அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

அதற்காக மகளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதில் தையல்காரிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

திடீரென்று ஹாலுக்குள் மகளின் குரல் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஸ்டூலில் இன்னொரு சிறுமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மகள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இன்னைக்கு யார்கிட்டல்லாம் பேசின?”

“யார்கிட்டயும் பேசலை.”

“பொய் சொல்லாத. ஸ்கூல் கேட்டுல நின்னவன் என்ன கேட்டான்? நீ என்ன சொன்ன? மறுபடி முதல்லேர்ந்து சொல்லு!”

மகள் மேசையை ஓங்கித் தட்டினாள். ஸ்டூல் சிறுமிக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. மூலையில் நின்ற தாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரிக்கு ரத்தம் கொதித்தது. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்கிற இந்த வித்தை, ஸ்டேஷனில் வேலை பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“எந்த ஸ்டேஷன் நீங்க?”

“ஸ்டேஷனா?” தாடிக்காரர் விழித்தார். “நான் மரவேலை செய்யறவன்மா. லீவு போட்டுட்டு நாடகம் சொல்லித்தர வந்தேன். எங்கப்பாவும் ஆறு வருஷம் உள்ள இருந்தவர்தான்.”

“இந்தக் கதையெல்லாம் வேற ஆளுகிட்ட சொல்லுங்க. வசனம் எழுதினது யாரு?”

“உங்க பொண்ணுதான். மனசுல இருக்கிறதை நடிச்சுக் காட்டுங்கன்னு மட்டும்தான் சொன்னேன். ரெண்டு நாளா வாயே திறக்காத பிள்ளை, இன்னைக்குத்தான் பேசுது. தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடாதீங்க.”

“யார் காதுல பூ சுத்தறீங்க? எங்க வீட்டுல ஏது போலீஸ் பேச்சு? இவளை நான் ஸ்டேஷன் பக்கமே கூட்டிட்டுப் போனதில்லை.”

மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“உண்மையைச் சொல்லு. இந்தாளு உன்கிட்ட என்னல்லாம் கேட்டாரு?”

“ஒண்ணும் கேட்கலைம்மா.”

“பொய் சொல்லாத! அப்பாவைப் பத்திக் கேட்டாரா? நீ என்ன சொன்ன? முதல்லேர்ந்து சொல்லு!”

ஹாலில் இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“போலீஸ் மாதிரி நடிக்க உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?”

மகள் மெதுவாகச் சொன்னாள்:

“இந்த நாடகத்துல போலீஸே கிடையாதும்மா. நான் உன் வேஷம். ஸ்டூல்ல இருக்கிறவ என் வேஷம்.”